கல்லாப்பெட்டி விற்றவரின் மேஜை

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ‘எம்ப்ளாயீ எங்கேஜ்மென்ட்’ என்று ஒரு நாள் நடக்கும். கேக் வெட்டுவாங்க, கயிறு இழுப்போம். மறுநாள் போய்ப் பார்த்தால் ஓடாத ஏசி ஓடாமலேயே இருக்கும். இந்த வழக்கமெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று தேடப்போய் மாட்டியவர்தான் ஜான் பேட்டர்சன்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம். அங்கே மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, வேலைக்காரர்கள் கல்லாவில் கை வைக்கிறார்கள் என்று நொந்துபோய் 1879-ல் கேஷ் ரெஜிஸ்டரைக் கண்டுபிடித்தார். பேட்டர்சன் 1884-ல் அந்தத் தொழிலை 6,500 டாலருக்கு வாங்கினார். அதாவது, ஊழியரை நம்பாதே என்று சொல்லும் எந்திரத்தை விற்பதுதான் அவர் பிழைப்பு.

விற்பனையில் மனுஷர் கில்லாடி. நன்றாக விற்கும் ஒருவர் வாடிக்கையாளரிடம் என்ன பேசுகிறார் என்பதை அப்படியே எழுதவைத்து, 1887-ல் சின்னப் புத்தகமாக்கினார். எல்லா விற்பனையாளர்களும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். அவரவருக்கு எனத் தனிப் பகுதி, இலக்கு, பிறகு பயிற்சிப் பள்ளி என்று அடுத்தடுத்து வந்தன.

ஆனால் 1894-ல் இங்கிலாந்திலிருந்து சுமார் 50,000 டாலர் மதிப்புள்ள எந்திரங்கள் ‘வேலை செய்யவில்லை’ என்று திரும்பி வந்தன. எவ்வளவு பேசி விற்று என்ன பயன்?

பேட்டர்சன் தன் மேஜையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொழிற்சாலைக்குள்ளேயே போட்டார். இருட்டு, அழுக்கு, குறைந்த கூலி. எந்திரம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்ற மனநிலையில் ஆட்கள் இருப்பதை அங்கே உட்கார்ந்துதான் பார்த்தார். ஒரு பெண் ரேடியேட்டர் மேல் எதையோ சூடாக்கிக்கொண்டிருந்தாராம். பசை என்று நினைத்து விசாரித்தால், அது அவருடைய காபி! அதன் பிறகு பெண்களுக்குச் சூடான சாப்பாடு, குளியலறை, பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த கட்டடங்கள், யோசனை சொன்னால் பரிசு. இதெல்லாம் தர்மம் இல்லை, லாபக் கணக்குதான் என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

இத்தோடு கதையை நிறுத்தினால் நல்ல மேனேஜ்மென்ட் பாடம். ஆனால் 1901-ல், தொழிற்சங்கத்தைச் சேர்ந்த சிலரை வேலையைவிட்டு நீக்கிய தகராறு முற்றி, அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டது. ஜன்னலும் சூடான சாப்பாடும் அதைத் தடுக்கவில்லை. ஊழியர்களின் குறைகளைக் கேட்பதற்கென்றே ஒரு தனித்துறை வந்தது அதற்கப்புறம்தான்.

போட்டியாளர்களை ஒழிக்கக் குறுக்குவழியில் போனதற்காக 1913 பிப்ரவரியில் அவருக்கு ஓராண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே டேட்டனில் பெருவெள்ளம். அதே மனிதர் தொழிற்சாலையில் படகு கட்டவைத்து ஜனங்களை மீட்டார், தங்க இடமும் சோறும் கொடுத்தார். 1915-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. நல்லவரா கெட்டவரா என்று ஒரு வரியில் அடைக்க முடியாத ஆள்.

பேட்டர்சனிடம் கடன் வாங்கிய நிறுவனங்கள் சாப்பாட்டையும் பரிசையும் எடுத்துக்கொண்டன என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் மேஜையை நகர்த்தியது. அதுவும்கூட 50,000 டாலர் சரக்கு திரும்பி வந்த பிறகுதான் நடந்தது. சரக்கு திரும்பி வருவதற்கு முன்னாலேயே யாராவது அந்தப் பெண்ணிடம், “என்னம்மா, இங்கே என்ன கஷ்டம்?” என்று கேட்டிருக்கலாம். செலவில்லாத கேள்வி. எங்கள் ஏசி விஷயத்திலும் அந்த ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.