மாநகர் அமைச்சும் மலைநகரும்

அமைச்சு, நாடு, அரண் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, நகருக்கெனத் தனி அதிகாரம் வகுக்கவில்லை. நாட்டைக் காப்பவன் நகரையும் காப்பான் என்பது அக்காலத்துக் கருத்தாகலாம். ஒரு மாநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தனியொரு பொறுப்பாகக் கருதி, அதனை ஓர் அமைச்சரிடம் ஒப்படைக்கும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது. தமிழ்நாட்டில் அவ்வழக்கம் உருப்பெற்ற வரலாறு, தலைநகருக்கு வெளியே வாழும் திருவண்ணாமலை மக்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தோன்றியது. சாலை, விளக்கு, துப்புரவு ஆகியவற்றை அது தன் எல்லைக்குள் கவனித்து வந்தது. 1920ஆம் ஆண்டில் நகரமைப்புச் சட்டமும் வந்தது. ஆயினும் நாட்டு விடுதலைக்குப் பின் நகரம் தன் எல்லையைத் தாண்டி ஏரிகளையும் வயல்களையும் நோக்கிப் பரவலாயிற்று. பல உள்ளாட்சிகளில் சிதறிக் கிடந்த அப்பரப்பு முழுமையையும் ஒருசேரத் திட்டமிட ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 1972இல் தற்காலிகமாகவும் 1974இல் சட்டப்படியும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைந்தது. அதன் ஆட்சிப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். முதல் முழுமைத் திட்டம் 1975இலும் இரண்டாவது திட்டம் 2008இலும் நடைமுறைக்கு வந்தன. வீட்டுவசதித் துறை அமைச்சரே குழுமத்தின் தலைவராக விளங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது.

2022ஆம் ஆண்டில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. அக்டோபர் மாதத்தில் பெருநகர்ப் பரப்பு 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. டிசம்பர் மாதத்தில் குழுமத்தின் பொறுப்பு வீட்டுவசதித் துறை அமைச்சரிடமிருந்து பிரிக்கப்பட்டு, இந்து சமய அறநிலையத்துறை அமைச்சராக இருந்த திரு. பி. கே. சேகர்பாபுவிடம் அளிக்கப்பட்டது. கோயில்களைக் காக்கும் பொறுப்பும் பெருநகரை அமைக்கும் பொறுப்பும் ஒருவர் கையில் சேர்ந்தன.

இச்சேர்க்கை புதுமையாகத் தோன்றலாம். ஆனால் வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியார் 1817ஆம் ஆண்டில் பிறப்பித்த ஏழாவது ஒழுங்குவிதி, கோயில் அறக்கட்டளைகளையும், சத்திரங்கள், பாலங்கள் முதலிய பொதுக் கட்டடங்களையும் வருவாய் வாரியம் என்னும் ஒரே அமைப்பின் மேற்பார்வையில் வைத்தது. வழிபாட்டிற்குச் செல்பவனுக்குக் கோயில் மட்டும் போதாது. வழியும் தங்குமிடமும் வேண்டும் என்னும் உண்மை அவ்விதியில் பொதிந்திருந்தது. பின்னாளில் 1863ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களை அரசின் கையிலிருந்து குழுக்களிடம் ஒப்படைத்தது. 1951, 1959ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே அறநிலையங்களுக்கெனத் தனித் துறை நிலைபெற்றது. கோயில் ஒரு துறையாகவும் வழி வேறு துறையாகவும் பிரிந்தன.

அவ்விரண்டும் மீண்டும் சந்தித்த இடம் கிளாம்பாக்கம். பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அங்கு அமைத்த பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்கு வரும் சென்னை அடியார் பலரின் பயணம் அதன்பின் கோயம்பேட்டிற்கு மாறாகக் கிளாம்பாக்கத்தில் தொடங்கலாயிற்று. தலைநகரில் எடுக்கப்படும் ஒரு முடிவு நம் மலையடிவாரம் வரை எட்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

திருவண்ணாமலையும் ஒருகாலத்தில் தலைநகராக விளங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் இவ்வூரிலிருந்து ஆட்சி செலுத்தினான். மகப்பேறற்ற அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று ஆண்டுதோறும் மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கும் வழக்கம் தொடர்ந்து வருகிறது. தனக்குப் பொறுப்பேற்றவனை இவ்வூர் மறப்பதில்லை.

1886இல் நகராட்சியாகவும் 1989இல் மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்த இவ்வூர், 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆயிற்று. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீடொன்றின்மீது விழ, சிறார் உட்பட ஏழு உயிர்கள் மண்ணுள் புதைந்தன. அத்துயரம் எழுப்பும் வினா ஆட்சியமைப்பைப் பற்றியது. கோயில் அறநிலையத்துறையின்பாற்பட்டது, காப்புக்காடு வனத்துறையின்பாற்பட்டது, மனை வரைபடம் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின்பாற்பட்டது, தெருவும் சாக்கடையும் மாநகராட்சியின்பாற்பட்டன. மலையோ ஒன்றே, மழைநீர் துறை பார்த்து இறங்குவதில்லை.

அரசமைப்பின் 74ஆவது திருத்தம் பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் பகுதியையே பெருநகர்ப் பகுதி எனக் கொள்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 45 ஆயிரமே. ஆனால் கணக்கெடுப்பு ஊரில் குடியிருப்போரை எண்ணுகிறதேயன்றிக் கார்த்திகைத் தீபத்தன்று வந்து குவியும் பல லட்சம் பேரை எண்ணுவதில்லை. சில நாள்களேனும் பெருநகராகும் ஊருக்குப் பெருநகர்க்குரிய திட்டம் வேண்டாவா?

தனி அமைச்சர் ஒருவரை நியமித்தல் ஒன்றே இதற்குத் தீர்வு ஆகிவிடாது. பெருநகர்த் திட்டக் குழுவில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தம்முள் தேர்ந்தெடுத்தோராக இருத்தல் வேண்டும் என அதே திருத்தம் விதித்துள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. மேலிருந்து ஒருங்கிணைக்கும் அமைச்சும், தெருவை அறிந்த உள்ளூர் மன்றமும் ஒருசேர அமைதலே அதன் நோக்கம். ஐம்பதாண்டுச் சென்னை வரலாறு நமக்குத் தரும் பாடமும் அதுவே. சென்னை, தன் ஏரிகள் பலவற்றை இழந்த பின்னர்த் திட்டமிடலாயிற்று. திருவண்ணாமலை தன் மலை நிற்கும்போதே திட்டமிட்டுக்கொள்ளல் நன்று.