சொந்த லேப்டாப்பை ஆபீஸ் டொமைன்ல சேர்க்கப்போறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

'வொர்க் ஃப்ரம் ஹோம்தானே... உங்க லேப்டாப்பையே ஆபீஸ் டொமைன்ல சேர்த்துடுங்க!' ஐ.டி டீமிலிருந்து இப்படி ஒரு மெசேஜ் வந்தால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். சேர்ப்பது சின்ன வேலைதான். ஆனால், அதற்குப் பிறகு உங்கள் லேப்டாப்புக்கு இன்னொரு ஓனரும் வந்துவிடுவார்.

டொமைன் என்றால் என்ன?

வெப்சைட் முகவரியைச் சொல்லும் டொமைன் வேறு, இது வேறு. ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள், ஊழியர்களின் யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு இது. விண்டோஸ் 2000 சர்வருடன் வந்த 'ஆக்டிவ் டைரக்டரி'தான் பல அலுவலகங்களில் இன்றும் இந்த வேலையைச் செய்கிறது. பாஸ்வேர்டு சரியா எனப் பார்த்து உள்ளே விடும் சர்வருக்கு 'டொமைன் கன்ட்ரோலர்' என்று பெயர்.

சேர்ந்தால் என்ன மாறும்?

டொமைனில் சேர்ந்த நிமிடமே, நிறுவனத்தின் 'டொமைன் அட்மின்'கள் உங்கள் கம்ப்யூட்டருக்கும் அட்மின் ஆகிவிடுவார்கள். குடும்ப போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட் என எந்த ஃபைலையும் திறக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 'குரூப் பாலிசி' மூலம் யு.எஸ்.பி-யைத் தடுக்கலாம், சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யலாம், பாஸ்வேர்டு விதிகளையும் மாற்றலாம். எல்லா நிறுவனமும் இதையெல்லாம் செய்யும் என்றில்லை. ஆனா, செய்ய முடியும்ங்கிறதுதான் விஷயம்.

சேர்ப்பதற்கு முன் செக் லிஸ்ட்

* விண்டோஸ் ஹோம் எடிஷனில் டொமைனில் சேரவே முடியாது. புரோ எடிஷன் வேண்டும். அப்கிரேடு செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

* சொந்த ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள்.

* அட்மின் உரிமையுள்ள ஒரு லோக்கல் அக்கவுன்ட்டும் அதன் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும். பின்னால் காப்பாற்றப்போவது இதுதான்.

* கம்ப்யூட்டர் கடிகாரம் சரியா எனப் பாருங்கள். சர்வர் நேரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், லாகின் மறுக்கப்படலாம்.

எப்படிச் சேர்ப்பது?

முதலில் ஆபீஸ் வி.பி.என்-ஐ ஆன் செய்யுங்கள். வீட்டு வைஃபைக்கு உங்கள் ஆபீஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆபீஸ் டி.என்.எஸ்-தான் அதற்கு வழி சொல்லும். 'டொமைனைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற எரர் வந்தால், முதல் சந்தேகம் டி.என்.எஸ் மேல்தான் வரணும்.

அடுத்து செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' என்று போய், கனெக்ட் பட்டனை அழுத்துங்கள். லோக்கல் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேரும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து, டொமைன் பெயர், ஐ.டி டீம் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

பலரும் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். ரீஸ்டார்ட் ஆனதும் வி.பி.என் துண்டிக்கப்படும். சர்வரைத் தொட முடியாததால், முதல் டொமைன் லாகின் நடக்காது. லாகின் திரையிலேயே வி.பி.என் போடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், லோக்கல் அக்கவுன்ட்டில் நுழைந்து வி.பி.என்-ஐ ஆன் செய்துவிட்டு, லாக்-அவுட் செய்யாமல் 'ஸ்விட்ச் யூசர்' மூலம் டொமைன் அக்கவுன்ட்டுக்கு மாறிப் பாருங்கள். ஒருமுறை உள்ளே போய்விட்டால், அடுத்த முறை வி.பி.என் இல்லாமலும் லாகின் ஆகும்.

உள்ளே போனதும் டெஸ்க்டாப் காலியாக இருக்கும். பதறாதீங்க! இது புது யூசர் புரொஃபைல். பழைய ஃபைல்கள் பழைய அக்கவுன்ட்டில் பத்திரமாக இருக்கும்.

வேலையை விடும்போது...

ஐ.டி டீம் உங்கள் டொமைன் அக்கவுன்ட்டை முடக்கும் முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு வேலை செய்கிறதா எனச் சோதிப்பது. இரண்டு, 'பிட்லாக்கர்' ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீயை வாங்கிவைப்பது. அதன் பிறகு டொமைனிலிருந்து விலகி, 'வொர்க்குரூப்'புக்கு மாறுங்கள். அவசரப்பட்டு விலகினால், சொந்த லேப்டாப்பிலேயே நுழைய முடியாமல் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சேராமலே வேலை பார்க்கலாமா?

பெரும்பாலும் முடியும். மெயில், மீட்டிங், டாக்குமென்ட்டுக்கு பிரவுசரே போதும். ஆபீஸ் சாஃப்ட்வேர்தான் வேண்டுமென்றால், வி.பி.என் போட்டு 'ரிமோட் டெஸ்க்டாப்' மூலம் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்கலாம். டொமைனில் இருப்பது அந்த கம்ப்யூட்டர். உங்களுடையது வெறும் திரை மட்டுமே.

இரண்டும் சரிவராது என்றால், ஆபீஸ் லேப்டாப்பைக் கேளுங்கள். ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ் மெஷின் கேட்பதில் தப்பே இல்லை!