வையைத் தென்கரைக்கு வந்த யாத்திரிகர்

மதுரைமா நகரின் வடமேற்கே, வையையின் தென்கரையை ஒட்டி அமைந்தது ஆரப்பாளையம். ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நிகழும் பிட்டுத்தோப்பு இங்கேதான் உள்ளது. மதுரைக்கு வந்த அடியார்களைப் பற்றிப் பேசப் புகுவோர் திருஞானசம்பந்தர் வருகையையே முதலில் எடுப்பர். அது பெரியோர் பலரும் பலகால் விரித்துரைத்தது. பெயர் பெரிதும் பேசப்படாத வழிநடையாளர் சிலரை இக்கரையோடு சேர்த்து நினைப்பது இம்மலருக்குப் பொருந்தும்.

கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த வழியைச் சிலப்பதிகாரம் அடியடியாகக் காட்டுகிறது. அவர்களுடன் வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி. மதுரையில் அறவோர்பால் அறம் கேட்க வேண்டும் என்பதே அவர் பயணத்தின் நோக்கம். உறையூரைக் கடந்தபின் அவர்கள் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கின்றனர். அவன் குடமலை நாட்டினன். அரங்கத்தும் வேங்கடத்தும் திருமாலைக் கண்ணாரக் காணப் புறப்பட்டவன். மதுரைக்கு வழி கேட்டவர்களுக்கு, கொடும்பாளூர் நெடுங்குளக் கரையில் வழி மூன்றாகப் பிரிவதை அவன் சொல்கிறான். சிறுமலை வழியே செல்வது ஒன்று. அழகர்மலை வழியே செல்வது மற்றொன்று. அங்கே நினைத்ததைத் தரும் பொய்கைகள் மூன்று உண்டு என்று அவற்றின் பெருமையையும் விரிக்கிறான். இடையே செல்வது மூன்றாவது.

கவுந்தியடிகள் அவனை இகழவில்லை. அப்பொய்கைகளால் தமக்கு ஆக வேண்டுவது ஒன்றும் இல்லை எனத் தம் நெறி நின்று விடை கூறி, அவன் விரும்பிய தெய்வத்தைத் தொழப் போகுமாறு வாழ்த்தியே அனுப்புகிறார். சமயம் வேறான இருவர் நடுவழியில் சந்தித்து, உள்ளதைச் சொல்லி, வழியும் கேட்டுப் பிரிந்த இந்தக் காட்சி, சமய வாதங்கள் மலிந்த நம் பழைய நூல்களுக்கிடையே தனித்து நிற்கிறது.

வேனில் வெம்மைக்கு அஞ்சி இரவில் நடந்த அவர்கள் வையைக்கு வந்தனர். குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் கொண்ட ஓடங்கள் நின்ற பெருந்துறையை அவர்கள் நாடவில்லை. ஒரு மரப்புணையில் ஏறித் தென்கரை சேர்ந்தனர் என்கிறார் இளங்கோவடிகள். செல்வர் ஏறும் துறை வேறு, வழிநடையாளர் ஏறும் புணை வேறு என்பதை அடிகள் இரண்டொரு சொல்லில் உணர்த்திவிடுகிறார்.

தென்கரையில் அறவோர் உறையும் புறஞ்சேரியில் அவர்களை மற்றொரு யாத்திரிகன் எதிர்கொள்கிறான். அவன் தலைச்செங்கானத்து மாடலன். பொதியிலை வலங்கொண்டு, குமரித் துறையில் நீராடித் திரும்பும் வழியில் அங்கு வந்தவன். கோவலன் செய்த நற்செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்பவன் அவனே. மதுரையில் நடந்த கொடுமையைப் பின்னர்ப் புகாருக்குக் கொண்டு சென்றவனும் அவனே. அச்செய்தி கேட்டுக் கோவலனைப் பெற்ற தாய் உயிர்விட்டாள். தந்தையர் இருவரும் துறவு பூண்டனர். தான் கொண்டுசென்ற சொல்லால் நேர்ந்த பழியைப் போக்கக் கங்கைக்குச் சென்ற மாடலன், அங்கே சேரன் செங்குட்டுவனைக் காண்கிறான். செய்தித்தாளும் தபாலும் இல்லாத காலத்தில் குமரிக்கும் கங்கைக்கும் இடையே நாட்டின் செய்தியைச் சுமந்தவர் யாத்திரிகரே.

மணிமேகலை காட்டும் யாத்திரிகர் இன்னும் எளியவர். சாலி என்பாள் வாரணாசியைச் சேர்ந்த அந்தணன் மனைவி. தான் செய்த பிழைக்கு அஞ்சிக் குமரியாடத் தனியே தென்றிசை வந்தாள். வழியில் மகவு ஈன்றாள். ஈன்ற குழவியை ஒரு தோட்டத்தில் இட்டு நீங்கினாள். ஏழு நாள் ஒரு பசு பால் சொரிந்து காத்த அக்குழவியே ஆபுத்திரன். வளர்ந்த ஊரால் துரத்தப்பட்டு அவன் மதுரைக்கு வந்தான். சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கினான். மனைதோறும் ஐயம் ஏற்று, குருடர், செவிடர், முடவர், காப்பார் அற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டினான். எஞ்சியதைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான்.

மாரிக்காலத்து நள்ளிரவு ஒன்றில், வழி நடந்து களைத்த சிலர் அவன் பக்கல் வந்து பசிக்கிறது என்றனர். ஓட்டில் ஒன்றும் இல்லை. அவன் கலங்கி நின்றபோதே தேவி தோன்றி அமுதசுரபியை அளித்தாள். காவியம் அற்புதமாகச் சொல்வது அது. ஆனால் நள்ளிரவில் மழையில் வந்தவனுக்குச் சோறு எங்கே என்பது அற்புதம் அன்று. வழிநடையாளர் ஒவ்வொருவரும் அறிந்த கேள்வி.

அக்கேள்விக்கு நாட்டு மன்னரும் செல்வரும் அளித்த விடையே சத்திரம். 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் மதுரை மக்கள் நாவில் உள்ளன. காசியிலிருந்து சேதுவுக்கு வருவோரும், சேதுவிலிருந்து காசிக்குப் போவோரும் இத்தகைய தருமங்களை நம்பியே நடந்தனர்.

கும்பினியார் ஆட்சி நாட்டில் வேரூன்றிய வேளையில் இந்தத் தருமங்களின் கதி கேள்விக்குள்ளாயிற்று. 1799 உடன்படிக்கையால் தஞ்சை ஆட்சியை இழந்த சரபோஜி மன்னர், 1801இல் கும்பினியின் ரெசிடெண்டான டோரின் துரைக்கு ஒரு கடிதம் வரைந்தார். இராமேசுவரம் செல்லும் பாதையில் உள்ள சத்திரங்களைத் தம்மிடமிருந்து எடுத்துவிடலாகாது என்பதே அதன் உட்கிடை. நாட்டை இழந்தவர் சத்திரத்துக்காக வாதாடியது எண்ணத்தக்கது. அச்சத்திரங்களில் நடப்பவற்றை அவர் விரிவாக எழுதினார். சாதி வேறுபாடின்றி வருவோர்க்கெல்லாம் சோறு உண்டு. சமைத்த சோறு கொள்ளாதவர்க்கு அரிசியும் மற்றவையும் உண்டு. நோயுற்றோர்க்கு மருத்துவர் உண்டு. கருவுற்று வந்த பெண்களுக்குப் பேறுகாலம் பார்த்து, மருந்தும் உணவும் கொடுத்துச் சத்திரத்திலேயே தங்கவைப்பர். பெற்றோரை இழந்த பிள்ளைகளை அங்குள்ள ஆசிரியர் பொறுப்பில் விட்டு வளர்ப்பர். நள்ளிரவு வரை அன்னம் இடுவர். அதன்பின் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டாயின் வந்து உண்க என அழைப்பர்.

சாலிக்கு அத்தகைய சத்திரம் ஒன்று வாய்த்திருந்தால் குழவியை அவள் தோட்டத்தில் இட்டுச் சென்றிருக்க வேண்டுவதில்லை. ஆபுத்திரனை எழுப்பிய நள்ளிரவுப் பசிக்கும் அந்த மணியில் விடை இருந்தது. தேவி அளித்த பாத்திரத்தின் பணியை, மானியமாக விடப்பட்ட நிலங்களின் நெல் செய்து வந்தது. மறு ஆண்டே, 1802இல், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது.

மதுரைச் சீமை 1801இல் கும்பினியார் வசமாயிற்று. 1817ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷன் சென்னை மாகாணத்துக் கோயில், சத்திரம், பாலம் முதலியவற்றின் தருமச் சொத்துகளை ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. வடக்கே கயையிலும் பிரயாகையிலும் பூரியிலும் கும்பினியார் யாத்திரிகரிடம் வரியே வாங்கினர். 1840இல்தான் அது ஒழிந்தது.

அக்காலத்து யாத்திரிகருள் தம் பயணத்தை எழுதி வைத்தவர் ஏனுகுல வீராசாமி. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இவர், 1830 மே மாதம் பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். வழியில் கண்ட ஊர், ஆறு, தங்குமிடம் ஆகியவற்றை நாள்தோறும் தெலுங்கில் குறித்தார். அவர் மறைந்தபின் 1838இல் அது நூலாக வெளிவந்தது. பின்வருவோர்க்கு உதவ வேண்டும் என்னும் கருத்து அதில் எங்கும் விளங்குகிறது. மாங்காட்டு மறையோன் வாயால் சொன்ன வழியை இவர் மையால் எழுதினார், வேற்றுமை அவ்வளவே.

1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. மங்கம்மாள் சத்திரம் நிலையத்துக்கு எதிரே நின்றது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சேது யாத்திரை சில மணி நேரப் பயணம் ஆயிற்று.

இவ்வளவும் நினைந்தபின் பிட்டுத்தோப்புக்குத் திரும்பினால், அறிந்த கதையும் சற்று வேறாகத் தோன்றும். வையை பெருகிக் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டும் என்பது அரசாணை. பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு ஆள் இல்லை. ஊரும் பேரும் அறியாத ஒரு கூலியாள் கூடையோடு தெருவில் வந்தான். யார் என்று அவள் துருவவில்லை; உதிர்ந்த பிட்டைக் கூலியாகத் தருவதாகச் சொல்லி அவனுக்கு உண்ணக் கொடுத்தாள்.

அந்நாளில் திருப்பரங்குன்றத்து முருகப் பெருமானும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் வழிநடந்து மதுரைக்கு எழுந்தருள்கின்றனர். அங்கயற்கண்ணியும் ஆலவாய் அண்ணலும் திருக்கோயிலை விட்டுப் புறப்படுகின்றனர். பெரிய கோயிலின் நடை சாத்தப்படுகிறது. பிட்டுத்தோப்பில் பிட்டுக்கு மண் சுமந்த பின்னர், இரவிலேதான் சுவாமி மீண்டும் கோயிலுக்கு எழுந்தருள்கிறார்.