மல்லாட்டை எண்ணெயும் அலுமினியச் சட்டியும்

எங்க விழுப்புரத்துப் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னுதான் பேரு. 1940-ல் வெளிவந்த டிஎம்வி 2 ரகத்தின் முன்னெழுத்தே திண்டிவனம்தான். அந்த எண்ணெய் ஊற்றும் அலுமினியச் சட்டியை 1898-ல் சென்னை கலைப்பள்ளியில் செய்யத் தொடங்கியவர் ஆல்பிரட் சாட்டர்டன்.

அலுமினியம் காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் ஆக்சைடைத் தோலாகப் போர்த்திக்கொள்ளும். மின்சாரம் கடத்தாத தோல். எண்ணெய் தொடுவது அதைத்தான், உலோகத்தை இல்லை.

1985-ல் பெல் ஆய்வகத்தின் அல்லாராவும் நுஸ்ஸோவும் அந்தத் தோலின்மேல் கொழுப்பு அமிலங்கள் எப்படி அமர்கின்றன என்று எழுதினார்கள். மூலக்கூறுகள் தலையைத் தோலில் ஊன்றி, வாலை வெளியே நீட்டி, நாற்றங்கால் மாதிரி நெருங்கி நின்றன. யாரும் அடுக்கவில்லை. தானாகவே நடந்தது.

வரலாற்றை 1985-லிருந்து ஆரம்பிப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அளந்தது அவர்கள், சரி. சமையலறையில் தோலும் அமிலமும் அதற்கு முன்பே சந்தித்துவிட்டன. ஒன்று மட்டும்: மல்லாட்டை எண்ணெய் காறும்போது பிரிகிற ஒலியிக் அமிலத்துக்கு நடுவே ஒரு கூன். அதனால் அவ்வளவு நெருக்கமாக நிற்காது.