உரூபிக்கனைக் கடத்தல்

ஆங்கில மரபுத்தொடர்கள் சிலவற்றின் பொருள் அகராதியினால் மட்டும் விளங்குவதன்று, வரலாற்றினாலேயே தெளிவுறும். 'உரூபிக்கனைக் கடத்தல்' அத்தகையதொன்று. மீளவியலாத் துணிபை மேற்கொள்ளுதல் என்பது அதன் பொருள்.

உரூபிக்கன் வட இத்தாலியிலுள்ள சிற்றாறு. எனினும், யூலியசு சீசர் ஆண்ட கோல் மாகாணத்துக்கும் இத்தாலிக்கும் அதுவே எல்லையாயிருந்தது. மாகாணத் தளபதி படையுடன் அவ்வெல்லையைத் தாண்டுதல் உரோமச் சட்டப்படி பெருங்குற்றம். படையைக் கலைக்குமாறு மூதவை பணித்தபோது, கி.மு. 49 சனவரியில் சீசர் ஒரே படையணியுடன் ஆற்றைக் கடந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. வென்ற சீசரும் கி.மு. 44 இல் கொலையுண்டார்; குடியரசோ மீண்டும் நிலைபெறவில்லை.

கடத்தற்கரியதாயிருந்தது நீரன்று, சட்டமே. ஆதலின் அரிய செயல் எதற்கும் இத்தொடரை வழங்குதல் பொருந்தாது. செய்தபின் திரும்புதற்கு வழியில்லாத செயலுக்கே இது உரியது.