உப்பளத்தில் எந்த ஆபத்து முதலில்?

தொழிற்சாலை என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவன யாவை? புகைபோக்கி, சங்கொலி, சுழலும் சக்கரம் அல்லவா? குயிலாப்பாளையத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால் வரும் மரக்காணம் உப்பளங்களில் இவற்றைக் காண முடியாது. உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிக்கிறார்கள்.

இதுவும் தொழிற்சாலைதானா? பம்பாய் வடாலாவிலிருந்த ஓர் உப்பளத்தைப் பற்றி இக்கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. "இது வெட்டவெளி, உப்பை விளைவிப்பது சூரியன். ஆகவே 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தாது" என்பது உரிமையாளர் தரப்பு வாதம். 1961-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திறந்த நிலமும் தொழிற்சாலை ஆகலாம். நீரைத் தேக்குவதும் உப்பை வாருவதும் மனித உழைப்பே என்று தீர்ப்பளித்தது.

மருத்துவம் இதை முன்பே உணர்ந்திருந்தது. இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் உப்பு விளைவிப்போருக்கும் இடமளித்தார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்பது அவர் மருத்துவர்களுக்குச் சொன்ன அறிவுரை.

உப்பளத்தில் ஆபத்துகள் பல. வெண்மையான உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது. உப்புப் படிகம் பாதத்தைக் கிழிக்கிறது. சுமை முதுகை வருத்துகிறது. வெயிலோ நாள் முழுதும். எதை முதலில் தடுப்பது? நேரக்கூடிய வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண்ணும், விளைவின் கடுமைக்கு அவ்வாறே ஓர் எண்ணும் இட்டுப் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். பாதத்தில் புண் வருவது அன்றாடம், கடுமை குறைவு. 5 × 2 = 10 எனலாம். வெயிலுக்கு? "பழகிவிட்டது" என்று 2 × 3 = 6 போட்டுவிடுவோம். பிழை இங்கேதான் நுழைகிறது. அளக்காத ஆபத்து பட்டியலின் அடிக்குப் போய்விடுகிறது.

அளப்பது எப்படி? 1950-களில் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் பலர் பாதிக்கப்பட்டபோது ஒரு முறை உருவாயிற்று. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 7 பங்கு, கரிய உருண்டைக்குள் வைத்ததற்கு 2 பங்கு, நிழலில் உள்ள சாதாரண வெப்பமானிக்கு 1 பங்கு. அவை முறையே 28, 45, 34 பாகை காட்டினால் விடை 32. இடையிடையே ஓய்வுள்ள கடும் உழைப்புக்கு, வெப்பம் பழகியவருக்கும் எல்லை 27.5 அளவே! ஈரத்துணிக்கு 7 பங்கு ஏன்? கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. உலராவிட்டால் உடல் குளிராது.

தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வெப்ப எல்லையைத் தாண்டிய நிலையில் உழைத்தனர். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. முடிவு 2023-இல் வெளியாயிற்று. இப்போது வெயிலின் மதிப்பெண்ணைத் திருத்துங்கள்: 3 × 5 = 15. பாதப்புண்ணை அது முந்திவிட்டது.

அப்படியானால் தண்ணீர்ப் பானை வைத்தால் போதுமா? போதாது. வெட்டவெளியில் கழிப்பறை இல்லையென்றால், பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். ஆகவே நிழற்கொட்டகை, குடிநீர், கழிப்பறை மூன்றும் சேர்ந்தே வரவேண்டும். இங்கே கழிப்பறையும் ஒரு பாதுகாப்புக் கருவியே!

உங்கள் ஊர்ப் பட்டறைக்கோ சூளைக்கோ இத்தகைய பட்டியல் ஒன்றைத் தயாரித்துப் பாருங்கள். மதிப்பெண் இடுமுன் அங்கே உழைப்பவரைக் கேளுங்கள். இயன்றதை அளந்து பாருங்கள். அதன்பின் வரிசை மாறுகிறதா என்று கவனியுங்கள்.