மடக் மடக்: மரக்காணத்தில் ஒரு வினைச்சொல்

போன வாரம் ஆரோவில்ல, தமிழ் கத்துக்கிட்டிருக்கிற ஒரு வெளிநாட்டு நண்பர் கேட்டார்: "‘கல்ப் டவுன்’ங்கிறதுக்குத் தமிழ்ல என்ன?" ‘மடக் மடக்குன்னு குடிக்கிறது’ன்னேன். "அது சத்தம்தானே, வினைச்சொல் எங்க?"ன்னார்.

யோசிச்சா, ‘கல்ப்’பும் தொண்டைச் சத்தத்துல பிறந்த சொல்தான். கூட ஒட்டியிருக்கிற ‘டவுன்’, மிச்சம் வைக்காம உள்ள இறக்கியாச்சுன்னு சொல்லுது. நம்ம பேச்சுல அந்த வேலையை ‘விடு’ங்கிற துணைவினை செய்யுது: குடிச்சுட்டான், முழுங்கிட்டான்.

ஆனா நம்மகிட்ட ஒரு பழைய வினைச்சொல்லும் இருக்கு. அதைத் தேடி ஆரோவில்லேர்ந்து வடக்கே, மரக்காணம் போகணும்.

பத்துப்பாட்டுல ஒண்ணு சிறுபாணாற்றுப்படை. பாடினவர் நத்தத்தனார், பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பாணர்கள் அவனைப் பார்க்கப் போற வழியில எயிற்பட்டினம்னு ஒரு கடற்கரை ஊர் வருது. அதுதான் இன்றைய மரக்காணம்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. அங்க நுளையர் வீட்டுப் பொண்ணு வடிச்ச நாள்பட்ட கள்ளைப் பரதவர் பாணர்களுக்குக் குடிக்கக் கொடுக்கிறாங்க. தொட்டுக்கச் சுட்ட குழல்மீன். அந்தக் ‘குடிக்கக் கொடுக்கிற’துக்குப் புலவர் போட்ட சொல்: மடு. உண்பதும் மடுத்தல்தான், ஊட்டுவதும் மடுத்தல்தான். வழிப்போக்கனோட தொண்டை நனையணும்ங்கிற அக்கறையும் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு.

இதே பாட்டுல உப்பு விக்கிற உமணரும் வர்றாங்க. மரக்காணத்துல இன்னைக்கும் உப்பளம் இருக்கு. மத்தியானம் போனேன். வெள்ளை வெளேர்னு உப்பு, மருந்துக்குக்கூட நிழல் இல்ல. வேலை பார்த்துட்டிருந்த ஒரு அக்கா பாட்டிலைத் திறந்து, வாயை நனைச்சுட்டு மூடிட்டாங்க. "நல்லா குடிங்கக்கா"ன்னேன்.

"மடக் மடக்குன்னு குடிச்சா ஒதுங்க எங்க தம்பி போறது? இங்க ஒரு மறைப்பு இருக்கா?"

எனக்குப் பதில் வரல. பாணனுக்கு வயிறார ஊத்திக் கொடுத்ததாப் பாட்டு சொல்ற அதே கரையில, உப்பு வார்ற ஒருத்தங்க தண்ணியை அளந்து குடிக்கிறாங்க. சொல் பழசாகித் தொலைஞ்சா அகராதியில தேடிக்கலாம். ஒரு கழிப்பறையை அப்படித் தேடிக்க முடியாது.

‘மடு’ முழுசாப் போயிடல. ‘செவிமடுக்கிறது’ன்னு சொல்றோம்ல, அதுல இருக்கு. காதால குடிக்கிறது. அந்த அக்கா சொன்னதையும் கொஞ்சம் செவிமடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.